சூடேறாத பிரேக்

"சாவியைக் கொடு" என்று டீச்சர் கையை நீட்டினாள். கண்ணாடிக்காரனுக்கு வயிற்றைக் கலக்கியது.

கேட்டது சொந்தப் பெண்டாட்டி. கேட்டதும் வாசலில் நிற்கிற சொந்தக் காரின் சாவியைத்தான். இதில் கலங்க என்ன இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன்னால் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவன். அதனால் தெருவில் அவனுக்குக் கண்ணாடிக்காரன் என்றே பெயர். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அந்த மேட்டுப் பகுதியில் ஸ்டியரிங் பிடிக்கிற பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித் தேறியவர்கள். திட்டு என்றால் கத்த மாட்டாள். கோபம் ஏற ஏற அவளுக்கு மரியாதையும் ஏறும். "சார், அது மரம் சார். அது ஒதுங்காது, நாமதான் ஒதுங்கணும்" என்பாள். அவள் வாயில் சார் வந்துவிட்டால் ஆள் காலி.

அடுத்தது கார். இவர்கள் மகளைவிட வயதில் மூத்த, இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். ஹெட்லைட் இரண்டும் பானட்டுக்குள் படுத்துக் கிடக்கும், பொத்தானை அழுத்தினால் எழுந்து நிற்கும். மழை நாளில் ஒன்று எழும், இன்னொன்று தூங்கும். இறங்கிப் போய் அதன் மண்டையில் ஒரு தட்டு தட்ட வேண்டும். இப்படி ஒரு வண்டியை மற்றவர்கள் துணி போட்டு மூடி வைத்து, விடுமுறைக்கு மட்டும் எடுப்பார்கள். நம்ம ஆள் தினமும் இதில்தான் கடைக்குப் போவான். காலையில் பல் தேய்த்த கையோடு ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பான். கதவு ரப்பர் வழியாக ஒழுகின தண்ணீரைப் பழைய பனியனால் ஒற்றியெடுப்பான். அப்புறம்தான் அவனுக்குச் சாப்பாடே இறங்கும்.

சும்மா ஓட்டினாலாவது பரவாயில்லை. கை சும்மா இருக்காதே! ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினான். வேகத்தடையில் வண்டி வயிறு தட்டியது, மறுபடி உயர்த்தினான். சைலன்சரை மாற்றினான். எதிர்வீட்டுக் கைக்குழந்தை ஒரு வாரம் தூங்கவில்லை, பழையதையே எடுத்து மாட்டினான். எஞ்சினுக்கு டர்போ வைத்தான். இதற்கெல்லாம் கூட்டாளி டீச்சரின் தம்பி. பாக்கெட்டில் எந்நேரமும் நாலு நட்டு குலுங்குவதால் அவனுக்கு நட்டு என்றே பெயர் ஆகிவிட்டது.

டீச்சர் எதற்கும் குறுக்கே நிற்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என்ன வேணா பண்ணு. பிரேக்குல மட்டும் கை வைக்காத. வண்டி ஓடலைன்னா நீ வீட்டுக்கு லேட்டா வருவே, அவ்வளவுதான். நிக்கலைன்னா வரவே மாட்டே." அவன் சரி என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னான்.

அப்புறம் டர்போ வந்தது, வேகம் வந்தது, வேகத்துக்கு இந்த பிரேக் பத்தாது என்று தோன்ற ஆரம்பித்தது. ரேஸ் ஓட்டுகிறவர்கள் போடுகிற, சக்கரத்தைக் கவ்வி நிறுத்துகிற பிரேக் பேடு ஒரு செட்டை நட்டு எங்கிருந்தோ பிடித்துவந்தான். பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "ரோட்டுக்கு ஆகாதுன்னு போட்டிருக்கே அத்தான்" என்றான். "அதெல்லாம் சும்மா போடுவாங்கடா" என்றான் கண்ணாடிக்காரன்.

சும்மா போடவில்லை. அந்தப் பேடு சூடேறினால்தான் பிடிக்கும். ரேஸ் மைதானத்தில் சுற்றிச் சுற்றி ஓடுகிறவனுக்கு அது எப்போதும் சூடாகவே இருக்கும். காலையில் வாசலிலிருந்து கிளம்புகிறவனுக்கு அது மரக்கட்டை. அதிலும் மழையில் நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். முதல் நாள் நட்டு ஓட்டிப் பார்த்தபோது தெருமுனையில் நிற்க வேண்டிய வண்டி குப்பைத் தொட்டியைத் தாண்டி நின்றது. இரண்டு பேரும் வெளிறிப் போனார்கள். அப்புறம், வெட்கங்கெட்டவர்கள், சிரித்தார்கள்.

பேடைக் கழற்றியிருக்க வேண்டும். அதற்குப் பதில் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். வாசலைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடியே, எஞ்சினோடு மல்லுக்கட்டி, தெருமுனை வரை உருட்டிப் போவது. கருகல் வாசனை மூக்கில் ஏறினால் சூடாகிவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகு அந்த பிரேக் இருக்கிறதே, அடேயப்பா, கால் பட்டால் போதும், வண்டி அப்படியே நிற்கும்.

இதில் கை உடைந்த கதை வேறு இருக்கிறது. பேடு மாட்டின ஞாயிற்றுக்கிழமை, இறுகிப்போன போல்ட் ஒன்று. கண்ணாடிக்காரன் ஸ்பானரில் குழாயைச் செருகி முழு பலத்தோடு இழுத்தான். ஸ்பானர் நழுவி, வலது மணிக்கட்டை ஊன்றியபடி சிமெண்ட் தரையில் போய் விழுந்தான். பிரேக்கில் கை வைத்துக் கை உடைந்தது என்று டீச்சரிடம் எந்த வாயால் சொல்வது? "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றான்.

அன்று காலைதான் டீச்சர் பாத்ரூம் தரையைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தாள்.

அதோடு அவள் தொலைந்தாள். அன்று சாயங்காலமே மண்டிபோட்டு அந்தத் தரையைத் துணியால் வறட்டு வறட்டென்று துடைத்தாள். வழுக்காத பாய் ஒன்று வாங்கிப் போட்டாள். அது நகர்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கினாள். அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள், தலை துவட்டிவிட்டாள், காலையில் குனிந்து ஷூவுக்குக் கயிறு கட்டிவிட்டாள். கட்டும்போதெல்லாம் "என்னாலதான்" என்பாள். அவன் "விடு, விடு" என்பான். பெருந்தன்மையாகச் சொல்கிற மாதிரி சொல்வான், படுபாவி.

கட்டுப் போட்டதிலிருந்து நட்டுதான் அவனைக் காரில் கடைக்குக் கொண்டுபோய் விட்டுவந்தான். டீச்சர் அதற்கு முன்பே பயிற்சிக் காரில் கிளம்பிவிடுவாள், தந்திரம் எதுவும் அவள் கண்ணில் படவில்லை. ஆனால் நேற்று ஒரு மாணவர் பயிற்சிக் காரை நடுத்திட்டின்மேல் ஏற்றிவிட்டார். அது பட்டறையில் கிடக்கிறது. நட்டுவுக்குக் காலை ஷிப்ட். கண்ணாடிக்காரனுக்கு இன்று ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்துப் பார்க்கிற நாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து மைதானத்தில் டீச்சரின் மாணவிக்கு லைசென்ஸ் தேர்வு. இரண்டும் மேட்டுக்குக் கீழே, மெயின் ரோட்டில். விடியற்காலையிலிருந்து மழை.

இப்போது தெரிகிறதா, ஏன் கலக்கியது என்று?

"டாக்ஸி கூப்பிடலாமே" என்றான்.

"வாசல்ல வண்டி நிக்குது, டாக்ஸியா? ஏன், உன் செல்லத்தை நான் ஓட்டினா தேஞ்சு போயிடுமா?"

"அதுக்கில்ல. கிளட்ச் கொஞ்சம் முரடு."

"நான் ஓட்டாத கிளட்சா? கொடு."

கொடுத்தான். இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாசல், சமதரை, எஞ்சின்கூட ஓடவில்லை. ஒரு திட்டு, ரெண்டு நாள் பேச்சில்லாமல் இருப்பாள், அதோடு முடிந்திருக்கும். தெருமுனைக்குள் எப்படியாவது பேடைச் சூடாக்கிவிட்டால் பேச்சே எழாது என்று அவன் புத்தி கணக்குப் போட்டது.

ஹெட்லைட்டில் ஒன்று எழவில்லை. டீச்சரே இறங்கிப் போய்த் தட்டினாள். நனைந்த முகத்தோடு உள்ளே வந்து சிரித்தாள். "நல்லாத்தான் வச்சிருக்கே" என்றாள். ஸ்டியரிங்கைத் தடவினாள். சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைச் சரிசெய்தாள், பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள். யாருக்கோ பாடம் எடுக்கிற மாதிரி எல்லாம் முறைப்படி. வண்டி வாசலைத் தாண்டியது.

"மழை பெஞ்சிருக்கு. டிஸ்க்ல துரு படிஞ்சிருக்கும். பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே போயேன்" என்றான். குரலை ரொம்ப சாதாரணமாக வைத்துக்கொண்டான்.

"சரியாத்தான் சொல்றே" என்று நாலைந்து தடவை தொட்டுத் தொட்டு எடுத்தாள். அவ்வளவு போதாது. விடாமல் மிதித்து இழுக்க வேண்டும். அதைச் சொன்னால் ஏன் என்பாள். வாசனை ஏதாவது வருகிறதா என்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். மழை வாசனைதான் வந்தது.

"பெடல் கட்டை மாதிரி இருக்கே?" என்றாள் டீச்சர்.

"பழைய வண்டி. அப்படித்தான் இருக்கும்."

அவள் தலையாட்டிவிட்டாள். சந்தேகம் வந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மறுவேலை பார்க்கிற பெண், புருஷன் சொன்னான் என்று நம்பிவிட்டாள்.

தெருமுனை தாண்டியதும் இறக்கம். ஒரு பக்கம் கல் சுவர், மறுபக்கம் தாழ்வான தடுப்பு, அதற்கப்பால் வீட்டுக் கூரைகள். முதல் திருப்பத்தில் இரண்டாவது கியரிலேயே இறக்கினாள். எஞ்சின் பிடித்துக்கொண்டதால் பிரேக்குக்கு வேலை வரவில்லை. கண்ணாடிக்காரனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தான்.

"இரு, நான் முதல்ல சொல்லிடறேன், மறந்துடுவேன்" என்றாள் அவள். கண் ரோட்டைவிட்டு அகலவில்லை. "சாயங்காலம் பொண்ணு ரயில்ல வர்றா. உனக்குக் கடை இருக்கு. நானே இதுல போய்க் கூட்டிட்டு வந்துடறேன். அப்பா வண்டியை அம்மா ஓட்டுறதைப் பார்த்தா குதிப்பா."

சாயங்காலம். மறுபடி ஆறிப்போன பேடு. அவளும் மகளும் மட்டும். இன்றைக்கு ஒரு தடவை தப்பினால் போதும் என்று போட்ட கணக்கெல்லாம் அங்கேயே பொடிப்பொடியானது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

"இல்ல, கேளு, இந்த வண்டியில..."

"அப்புறம் இன்னொண்ணு" என்றாள். அவள் குரல் இறங்கியது. "டாக்டர் கையைப் பார்த்துட்டு சரியா சேரலைன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு ராத்திரி பூரா ஒரே யோசனை. லென்ஸ் தேய்க்கிற கை. நான் அன்னைக்கு அந்தத் தரையை ஒழுங்கா துடைச்சிருந்தா..."

அவ்வளவுதான். பிரேக்கைச் சொன்னால் கை உடைந்த கதையும் வெளியே வரும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இரண்டாவது திருப்பம் போனது. மூன்றாவதில் வண்டி வளைந்ததும் முன்னால் பஸ் நின்றுகொண்டிருந்தது.

நிறுத்தத்தில் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இறங்கினவர்கள் பஸ்ஸுக்குப் பின்பக்கமாக ரோட்டைக் கடக்கத் தொடங்கியிருந்தார்கள். குடையும் பையும் தலைமேல் பிடித்த துண்டுமாக ஒரு கூட்டம். எதிர்ப்பக்கம் லாரி ஒன்று முக்கி முனகி மேடேறி வந்துகொண்டிருந்தது. நல்ல தூரம் இருந்தது. டீச்சர் எப்போதும் நல்ல தூரம் விடுகிறவள்தான். நிதானமாக பிரேக்கில் கால் வைத்தாள்.

வண்டி கேட்கவில்லை.

இன்னும் அழுத்தினாள். பெடல் கல்லாக நின்றது, வேகம் மட்டும் கடனே என்று கொஞ்சம் குறைந்தது. ஒரு பெண்ணின் சிவப்புக் குடை கிட்டே, இன்னும் கிட்டே வந்தது. கண்ணாடிக்காரன் ஹேண்ட்பிரேக்கை இழுக்கப் பாய்ந்தான். பக்கத்தில் இருந்தது கட்டுப் போட்ட கை. விரல் மடங்கவில்லை, மாவுக்கட்டுதான் கியர் தண்டில் போய் டொக்கென்று இடித்தது. "கையை எடு!" என்று டீச்சர் ஒரே அதட்டாக அதட்டினாள். இரண்டிலிருந்து ஒன்றுக்கு கியரைத் தள்ளினாள். எஞ்சின் அலறியது. ஒரு கையால் ஹார்னை விடாமல் அழுத்தினாள், மறு கையால் ஹேண்ட்பிரேக்கை விட்டு விட்டு இழுத்தாள். ஈரத்தில் வண்டியின் பின்பக்கம் ஒருமுறை வழுக்கி விலகியது. அதையும் பிடித்து நேராக்கினாள். இடது பக்கம், கல் சுவருக்கு நடுவே, மரக்கடைக்குப் போகிற சந்து ஒன்று மேட்டில் ஏறியது. அதற்குள் வண்டியைத் திருப்பினாள். கார் அந்த மேட்டில் ஏறி, ஏறி, மூச்சு வாங்கி, அறுத்த பலகை அடுக்குக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

எஞ்சினை அணைத்தாள். மழை கூரைமேல் தட்டிக்கொண்டிருந்தது. கீழே ரோட்டில் யாரோ கண்டபடி திட்டினார்கள். அவர்கள் திட்டியதில் தப்பே இல்லை.

டீச்சர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம், அவனைப் பார்க்காமலே பேசினாள்.

"வாசல்ல கிளம்பினதும் உன் கால் தரையை அமுக்குச்சு. தெருமுனை வரைக்கும் விடாம அமுக்கிக்கிட்டே வந்தே."

அவன் தன் காலைப் பார்த்தான். இப்போதும் அது மிதியடியை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. நட்டுவின் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் அவனோடு சேர்ந்து மிதித்து மிதித்துப் பழகிப்போன கால். அவனுக்கே தெரியாமல் அது பாட்டுக்கு வேலை செய்திருக்கிறது.

"எத்தனையோ பேர் பக்கத்துல உக்காந்து எத்தனையோ காலைப் பார்த்திருக்கேன்" என்றாள். "பயந்தவங்க ஆபத்தைப் பார்த்தப்புறம் மிதிப்பாங்க. அங்க ரோடு காலியா கிடந்துச்சு. என் ஓட்டுதல் மேலதான் உனக்கு பயம்னு நினைச்சேன். மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு, காட்டிக்கல." இப்போது அவன் பக்கம் திரும்பினாள். "என்ன பண்ணி வச்சிருக்கே பிரேக்கை?"

சொன்னான். ரேஸ் பேடு, சூடு, தந்திரம், குப்பைத் தொட்டி, பெட்டியில் எழுதியிருந்தது என்று ஒன்றையும் விடாமல் சொன்னான்.

"யார் மாட்டினது?"

"நானும் உன் தம்பியும்."

"எப்போ?"

இந்தக் கேள்வி வரும் என்று அவன் நினைக்கவில்லை. ரொம்ப எளிய பதில், வாயருகே தயாராக இருந்தது. கை உடைவதற்கு முந்தின மாதம் என்றால் போதும், நட்டுவும் ஆமாம் போடுவான். மணிக்கட்டுக் கதை பத்திரமாகப் பாத்ரூமிலேயே இருந்துவிடும். அவன் அவளைப் பார்த்தான். முன்நெற்றியில் நனைந்த முடி ஒட்டியிருந்தது. ஹெட்லைட்டைத் தட்டப் போய் நனைந்தது. இவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு பொய்யா? அவனால் முடியவில்லை.

"அந்த ஞாயித்துக்கிழமை" என்றான்.

"எந்த..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். கண் அவன் மாவுக்கட்டுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"ஸ்பானர் நழுவிடுச்சு" என்றான்.

"அப்போ அந்தச் சோப்புத் தண்ணி?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"நான் டாக்டர்கிட்டயே சொன்னேன்" என்றாள் டீச்சர். "என் தப்புதான் டாக்டர்னு. நீ பக்கத்துலதான் உக்காந்திருந்தே."

அவள் அழுதிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவன் "மன்னிச்சுடு" என்றான். அந்தச் சொல் அவன் காதிலேயே அற்பமாக விழுந்தது.

டீச்சர் போனை எடுத்தாள். மாணவியைக் கூப்பிட்டு, "மேடம், கொஞ்சம் லேட் ஆகும், உங்க முறையைத் தள்ளி வைக்கச் சொல்லுங்க, பயப்படாதீங்க" என்றாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டாள். "நட்டு. பழைய பேடு இருக்கா? பரண்ல இருக்கா, நல்லது. ஷிப்டுக்கு லீவு சொல்லு. எடுத்துட்டு மரக்கடைச் சந்துக்கு வா, இங்கயே மாட்டு. மாட்டாம இந்த வண்டி ஒரு அடி நகரக்கூடாது." எதிர்ப்பக்கம் என்ன கேட்டானோ, "ஆமா, சொல்லிட்டார்" என்று வைத்தாள்.

சொல்லிட்டார். அந்த "ஆர்" கண்ணாடிக்காரனுக்கு ஊசியாக ஏறியது.

சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். சீட்டுக்குப் பின்னாலிருந்து குடையை எடுத்தாள், ஒரே ஒரு குடைதான் இருந்தது. இருவரும் இறங்கி நடந்தார்கள். மெயின் ரோடும் ஆஸ்பத்திரிக் கட்டிடமும் அங்கிருந்தே தெரிந்தன. சிவப்புக் குடைக்காரப் பெண் பஸ் நிறுத்தத்தில் நின்று இவர்களை முறைத்தாள். டீச்சர் அவளிடம் போய்க் கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள். தப்பு பண்ணினவன் பின்னால் நின்றான், அப்புறம் அவனும் கேட்டான்.

இறக்கத்தில் பாதி தூரம் போனபோது அவன் வலது ஷூவின் கயிறு அவிழ்ந்தது. ஈரத்தில் இழுபட்டு, அடுத்த காலடியில் மாட்டித் தடுமாறினான். டீச்சர் நின்றாள். காலையில்தான் வாசற்படியில் குனிந்து அதைக் கட்டிவிட்டிருந்தாள், என்னாலதான் என்று சொல்லிக்கொண்டே.

அவள் அந்தக் கயிற்றைப் பார்த்தாள். குனியவில்லை.

அவன் ரோட்டோரம் குந்தி உட்கார்ந்தான். இடது கையால் ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை நழுவியது. மாவுக்கட்டால் ஒன்றை அழுத்திக்கொண்டு இன்னொன்றைச் சுற்றினான். அதுவும் அவிழ்ந்தது. லாரிகள் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போயின. டீச்சர் கீழே ரோட்டைப் பார்த்தபடி, அவன் முதுகு நனையாமல் குடையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தோள் நனைந்துகொண்டிருந்தது.

"அவசரமில்ல சார்" என்றாள். "கட்டிட்டு வாங்க."